பாவாடையின் விளிம்பும் அருளுரை மேடையும்

முன்னுரை

முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், உடைச் சீர்திருத்தக் குழு ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட குருமாருக்கு ஒரு வினாத்தாளை அனுப்பியது. பெண்களுக்குத் தகுதியான உடை எது என்பதே வினா. வந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஆயினும் குழுவினர் தளரவில்லை. 'ஒழுக்க உடை' என்னும் பெயரில் ஒரு கவுனைத் தாங்களே வடிவமைத்தனர். அது உடலோடு ஒட்டாத தளர்ந்த அமைப்புடையது. அதன் கைகள் முழங்கைக்குச் சற்றுக் கீழ்வரை நீண்டன. விளிம்பு தரையிலிருந்து ஏழரை அங்குல உயரத்தில் நின்றது. 15 திருச்சபைப் பிரிவுகளைச் சேர்ந்த ஆயர்கள் இதற்கு ஒப்புதல் அளித்தனர். 1920-களைப் பற்றி 1931-இல் தாம் வெளியிட்ட வரலாற்று நூலில் ஃபிரடரிக் லூயிஸ் ஆலன் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார்.

திருமுழுக்கிலும் திருவிருந்திலும் உடன்பாடு காண நூற்றாண்டுக் கணக்கில் முயன்றும் இயலாத பிரிவுகள், ஒரு கவுனின் விளிம்பில் உடன்பாடு கண்டன. இதை நகைப்புக்குரிய செய்தியாக மட்டும் கருதிக் கடந்து போகலாகாது. உடை அற்பமான பொருள் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் அருளுரை மேடை எதைக் குறித்து உரத்துப் பேசியது என்பதைப் போலவே, அதே நாட்களில் எதைக் குறித்து மௌனமாயிருந்தது என்பதும் திருச்சபை வரலாற்றின் ஒரு பகுதியே. அக்காலத்துப் பெண்கள் உடையின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதைத் திருச்சபை எவ்வாறு நோக்கியது, எதை நோக்கத் தவறியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. பெயரும் காலமும்

1920-களின் புதுப்பாணிப் பெண் ஆங்கிலத்தில் 'ஃபிளாப்பர்' எனப்பட்டாள். கூட்டை விட்டுப் பறக்க முயன்று சிறகடிக்கும் இளம் பறவையைக் குறித்த சொல் இது. போருக்கு முன்னர் இங்கிலாந்தில், கூந்தலைத் தூக்கி முடியும் பருவத்தை இன்னும் எட்டாமல், பின்னலைத் தொங்கவிட்டிருந்த சிறுமியை அது குறித்தது. வார் கட்டாத மழைக் காலணிகள் படபடவென்று அடித்துக்கொண்டதால் இப்பெயர் வந்தது என்பது பெயர் தோன்றிய பின்னர் எழுந்த கதை. 1920-இல் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்ட திரைப்படம் ஒன்று அமெரிக்காவில் வெளியாயிற்று. அதே ஆண்டில் எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட், கூந்தலைக் கத்தரித்துக்கொள்ளும் ஒரு பெண்ணைப் பற்றிய சிறுகதையை வெளியிட்டார். ஜான் ஹெல்ட் வரைந்த கேலிச் சித்திரங்கள் அப்பெண்ணின் உருவத்தை நாடெங்கும் பரப்பின. குட்டை முடி, மணி வடிவமான குளோஷ் தொப்பி, இடுப்பில் சுருங்காமல் நேராக விழும் கவுன், தோல் நிறக் காலுறை, உதட்டுச் சாயம் ஆகியவையே அவ்வுருவத்தின் அடையாளங்கள்.

அப்பத்து ஆண்டு முழுவதும் பெண்கள் முழங்கால் தெரிய உடுத்தினார்கள் என்னும் எண்ணம் இன்றும் பரவலாக உள்ளது. அது சரியன்று. 1920 ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் உடைப்பகுதி எழுத்தாளர், அமெரிக்கப் பெண் அடக்கத்தின் எல்லையை மீறிவிட்டாள் என்று குறைகூறியபோது, பாவாடை தரையிலிருந்து 9 அங்குலமே உயர்ந்திருந்தது. 1922, 1923 ஆண்டுகளில் அது மறுபடியும் கணுக்காலை நோக்கி இறங்கியது. 1925-க்குப் பின்னரே வேகமாக உயர்ந்து, 1926, 1927 ஆண்டுகளில் முழங்காலை எட்டியது. 1929-இல் பாரிஸ் நகர உடை வடிவமைப்பாளர் ஜான் பட்டூ விளிம்பை மீண்டும் தாழ்த்தினார். மற்றவர்கள் அவரைப் பின்பற்றினர். முழங்கால் தெரிந்த காலம் சில ஆண்டுகளே. பெருங்கண்டனம் எழுந்த தொடக்க ஆண்டுகளிலோ, ஒழுக்கக் கேடு எனப்பட்ட 9 அங்குலத்துக்கும், 15 பிரிவுகளின் ஆயர்கள் ஒப்பிய ஏழரை அங்குலத்துக்கும் இடையே இருந்த தூரம் ஒன்றரை அங்குலந்தான்.

2. உடை மாறியதன் காரணங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேல்தட்டுப் பெண், கார்செட் எனப்பட்ட இடுப்பிறுக்கியால் உடலை வரிந்து கட்டிக்கொண்டாள். அதன்மேல் பல அடுக்குப் பாவாடைகளை அணிந்தாள். அவ்வுடையில் அவள் விரைந்து நடக்கவோ, குனிந்து வேலை செய்யவோ இயலாது. இயலாமையே அவளது செல்வநிலையின் சான்றாகவும் விளங்கியது. போருக்கு முன்னரே பாரிஸில் பால் புவாரே கார்செட் வேண்டாத உடைகளை அமைத்தார். ஆனால் இடுப்பை விடுவித்த அவரே, 1910-இல் கணுக்காலருகே குறுகி, நீண்ட அடி எடுத்து வைக்க இடந்தராத பாவாடையையும் புகுத்தினார்.

உண்மையான மாற்றத்தை விளைவித்தது போரே. 1914 முதல் 1918 வரை ஐரோப்பாவின் ஆண்கள் பாசறைகளில் கிடந்தபோது, வெடிமருந்து ஆலைகளிலும் பேருந்துகளிலும் வயல்களிலும் பெண்கள் வேலை செய்தனர். இயந்திரத்தின் அருகே நீண்ட பாவாடையும் அவிழ்ந்த கூந்தலும் உயிருக்கு ஆபத்து. போர் முடிந்ததும் வேலையைவிட்டு வீட்டுக்குத் திரும்பச் சொன்னார்கள். ஆனால் பலருக்குத் திரும்பிச் செல்லத்தக்க வீடு இல்லை. 1921-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ 17 லட்சம் பேர் மிகுந்திருந்தனர். மணமகனாக வரவேண்டியவர்கள் பிரான்ஸ் நாட்டு மண்ணில் புதைந்து கிடந்தனர். தட்டச்சுப் பணியையோ, பள்ளி ஆசிரியப் பணியையோ நம்பி வாழவேண்டிய ஒரு தலைமுறை உருவாயிற்று. ஒவ்வொரு காலையும் பேருந்தில் ஏறி அலுவலகம் செல்லும் பெண்ணுக்கு, பணிப்பெண்ணின் துணையின்றித் தானே அணியத்தக்க உடை தேவைப்பட்டது.

அரசியல் உரிமையும் இக்காலத்திலேயே வந்தது. பிரிட்டனில் 1918-இல் 30 வயது நிறைந்து சொத்துத் தகுதியும் உடைய பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1928-இல் ஆண்களுக்கு நிகராக 21 வயதிலேயே வாக்களிக்கும் உரிமை வந்தபோது, எதிர்த்த செய்தித்தாள்கள் அதை 'ஃபிளாப்பர் வாக்கு' என்று எள்ளின. அமெரிக்காவில் 1920-இல் நிறைவேறிய பத்தொன்பதாம் திருத்தம் பெண்களின் வாக்குரிமையை அரசியலமைப்பில் எழுதியது. மது உற்பத்தியையும் விற்பனையையும் தடைசெய்த பதினெட்டாம் திருத்தமும் அதே 1920-இல் நடைமுறைக்கு வந்தது. ஆக, திருச்சபையினர் சட்டத்தின் வழியாக ஒழுக்கத்தை நிலைநாட்டலாம் என்று பெரிதும் நம்பிய ஆண்டுகளும், பெண் பொதுவாழ்வில் நுழைந்த ஆண்டுகளும் ஒன்றே.

பொருளாதாரக் காரணமும் உண்டு. நேராக வெட்டிய கவுனைத் தைப்பது எளிது. ஆலையில் ஆயிரக்கணக்கிலும் தைக்கலாம். வீட்டில் ஒரு தையல் இயந்திரத்திலும் தைக்கலாம். 1924-இல் 'ரேயான்' என்று பெயரிடப்பட்ட செயற்கைப் பட்டு, பட்டின் பளபளப்பைக் குறைந்த விலைக்குத் தந்தது. ஒரு பெண்ணின் முழு உடைக்கு, காலுறை நீங்கலாக, 1913-இல் பத்தொன்பதேகால் கஜம் துணி வேண்டியிருந்தது; 1928-இலோ 7 கஜமே போதுமாயிற்று என்று அக்கால வணிக நாளிதழ் ஒன்று கணக்கிட்டதை ஆலன் எடுத்துக்காட்டுகிறார். 1926-இல் கோகோ ஷனேல் அறிமுகப்படுத்திய எளிய கறுப்புக் கவுன், துக்கத்துக்கும் பணிப்பெண்களுக்கும் உரியதாயிருந்த நிறத்தைச் சீமாட்டிகளின் விருந்துக்குக் கொண்டுவந்தது. ஞாயிறன்று ஆலைத் தொழிலாளியின் மகளையும் ஆலை முதலாளியின் மகளையும் உடையைக்கொண்டு வேறுபடுத்துவது முன்போல எளிதாக இல்லை. இப்புதிய உடை எழுப்பிய அச்சத்தில், உடல் தெரிகிறது என்பது ஒரு பகுதி. தரம் தெரியவில்லை என்பது மறுபகுதி.

3. திருச்சபைகளின் எதிர்வினை

சட்டமன்றங்களுக்கு வந்த மசோதாக்களை ஆலன் தொகுத்துத் தருகிறார். யூட்டா மாநிலத்தில், கணுக்காலுக்கு மேல் 3 அங்குலத்தைத் தாண்டும் பாவாடையுடன் தெருவில் நடப்பவளுக்கு அபராதமும் சிறையும் விதிக்க ஒரு மசோதா முன்வந்தது. வர்ஜீனியாவில் கழுத்துக்குக் கீழே 3 அங்குலத்துக்கு மேல் தெரியலாகாது என்றார்கள். ஒஹாயோவில் அது 2 அங்குலமாயிற்று. 14 வயதுக்கு மேற்பட்ட பெண்ணின் பாவாடை பாதத்தின் மேற்பகுதியைத் தொடவேண்டும் என்பதும் ஒஹாயோ மசோதாவின் விதிகளுள் ஒன்று.

நம் சபைகளிலும் கிளைவிட்ட கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தை 1881-இல் நிறுவிய ஃபிரான்சிஸ் கிளார்க், அக்கால நடனங்கள் பெண்மையின் தூய்மைக்கு இழுக்கு என்று கண்டித்தார். உரோமைத் திருச்சபையில் பதினைந்தாம் பெனடிக்ட் 1921 ஜனவரியில் வெளியிட்ட சுற்றுமடலில் பெண்களின் உடையையும் நடனங்களையும் கடிந்துரைத்தார். 1930 ஜனவரியில் உரோமைப் பேராயம் ஒன்று இதே பொருளில் ஆயர்களுக்கு விரிவான கட்டளைகளை அனுப்பியது. ஆக, இது எந்த ஒரு பிரிவுக்கும் உரிய நோக்கு அன்று.

அமெரிக்கப் புரொட்டஸ்டண்ட் சபைகளில் இவ்வாண்டுகள் அடிப்படைவாதத்துக்கும் நவீனவாதத்துக்கும் இடையே பெரும்பூசல் நிகழ்ந்த ஆண்டுகளாகும். 1922-இல் ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக் நிகழ்த்திய அருளுரையும், 1925-இல் டென்னசி மாநிலத்து டேட்டன் நகரில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கும் இறையியல் மாணவர் அனைவரும் அறிந்தவை. அப்பூசலைப் பரிணாமக் கொள்கை, மறைநூலின் வழுவாமை ஆகிய கோட்பாடுகளின் போராட்டமாகவே நெடுங்காலம் கற்பித்து வந்தோம். பெட்டி டிபெர்க் 1990-இலும், மார்கரெட் பெண்ட்ராத் 1993-இலும் வெளியிட்ட ஆய்வு நூல்கள் வேறொரு பக்கத்தைத் திறந்து காட்டின. அடிப்படைவாத இதழ்களிலும் பிரசங்கங்களிலும் பெண்ணின் இடம் பற்றிய கவலை எவ்வளவு ஆழமாக ஊடுருவியிருந்தது என்பதை அவை விளக்குகின்றன. குட்டை முடியும் குட்டைப் பாவாடையும் அவர்களுக்கு வெறும் உடையல்ல. குடும்பத்தின் தலைமை ஆட்டங்கண்டதன் அறிகுறி. கடைசிக் காலத்தின் அடையாளமுங்கூட.

4. குட்டை முடியும் கொரிந்தியர் நிருபமும்

பாவாடையைவிடக் கூந்தலே கடுமையான பூசலை விளைவித்தது எனலாம். நடனக் கலைஞர் ஐரீன் காசில் போர்க்காலத்தின் தொடக்கத்திலேயே தம் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு இப்பாணியைப் பரப்பினார். பத்தாண்டுக்குள் அது நகரங்களைக் கடந்து சிற்றூர்களுக்கும் சென்றது. பெண்களின் கூந்தலை வெட்ட முடிதிருத்தும் கடைகள் போதாமற்போயின. பெண்கள் ஆண்களோடு வரிசையில் அமர்ந்து காத்திருந்த காட்சியே பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது.

மேடையில் எடுத்தாளப்பட்ட பகுதி பெரும்பாலும் 1 கொரிந்தியர் 11 ஆகும். கூந்தல் பெண்ணுக்கு மகிமை என்னும் கருத்தும், முடியைக் கத்தரிப்பது இழிவு என்னும் கருத்தும் அதில் உள்ளமை உண்மையே. ஆனால் அதே பகுதியின் 5-ஆம் வசனம், பெண் சபையில் செபிக்கிறாள், தீர்க்கதரிசனம் உரைக்கிறாள் என்பதைக் கேள்விக்கே இடமில்லாத நடைமுறையாக ஏற்றுக்கொண்டு பேசுகிறது. அவ்வாறு உரைக்கும்போது தலை எவ்வாறிருக்க வேண்டும் என்பதே பவுலின் வினா. உரைக்கலாமா என்பது அன்று. கூந்தலைப் பற்றிய சொற்களை எடுத்துக்கொண்டு, தீர்க்கதரிசனத்தைப் பற்றிய சொல்லை விட்டுவிட்ட வாசிப்பு, பகுதியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடுவைக் கைவிட்ட வாசிப்பாகும்.

இது தற்செயலாக நேர்ந்த பிழையன்று என்பதற்குச் சான்று உண்டு. பாப்டிஸ்ட் நற்செய்தியாளர் ஜான் ஆர். ரைஸ் 1941-இல் வெளியிட்ட நூலின் தலைப்பு, கத்தரித்த கூந்தல், கணவரை அதிகாரம் செய்யும் மனைவியர், பெண் பிரசங்கியார் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் அடுக்குகிறது. கூந்தலைப் பற்றிய வாதம் உண்மையில் அதிகாரத்தைப் பற்றிய வாதம் என்பதை எதிர்த்தவரே இவ்வளவு தெளிவாக எழுதிவைத்திருக்கும்போது, வேறு விளக்கம் தேவையில்லை.

பெண் பிரசங்கியார் என்பது வெறும் அச்சமாகவும் இருக்கவில்லை. 1917-இல் இங்கிலாந்தின் காங்கிரிகேஷனல் சபையில் கான்ஸ்டன்ஸ் கோல்ட்மன் குருத்துவ அபிஷேகம் பெற்றார். அதே ஆண்டில் ஆங்கிலிக்கன் சபையினரான மாட் ராய்டன் லண்டன் சிட்டி டெம்பிளில் உதவிப் பிரசங்கியார் ஆனார். அமெரிக்க மெத்தடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபை 1924-இல் பெண்களுக்கு வரையறுத்த அபிஷேகத்தை அனுமதித்தது. ஏமி செம்பிள் மக்ஃபெர்சன் 1923-இன் முதல் நாளில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஏஞ்சலஸ் ஆலயத்தைத் திறந்து, ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்தார்.

5. அங்குலக் கணக்கில் விடுபட்டவை

உடை பற்றி மேடையில் ஒலித்த மற்ற இரு பகுதிகள் 1 தீமோத்தேயு 2:9-உம், ஏசாயா 3:16 முதல் 24 வரையிலான வசனங்களும் ஆகும். இவற்றை நிதானமாக வாசித்தால் ஒரு வியப்பு நமக்குக் காத்திருக்கிறது. தீமோத்தேயு நிருபம் தனித்தனியே பெயர் சொல்லி விலக்குபவை பின்னிய கூந்தல் அலங்காரம், பொன், முத்து, விலையுயர்ந்த ஆடை ஆகியவையே. அடக்கத்தைப் பொதுவாக வலியுறுத்தும் அவ்வசனத்தில் துணியின் நீளத்துக்கு அளவுகோல் ஏதும் இல்லை. செல்வத்தின் பகட்டுக்கே கண்டனம் உண்டு. ஏழைகளும் செல்வரும் ஒரே அறையில் கூடிய வீட்டுச் சபையில், ஒருத்தியின் முத்துமாலை மற்றொருத்தியைத் தலைகுனியச் செய்தது. அவ்வகையில் நோக்கினால், 7 கஜத்து ரேயான் கவுனைவிட, பத்தொன்பது கஜத்துப் பட்டாடையே அவ்வசனத்தின் கண்டனத்துக்கு நெருங்கி நின்றது. அப்பட்டாடையோ முன் வரிசை இருக்கைகளில் பல்லாண்டுகளாகக் கண்டனமின்றி அமர்ந்திருந்தது.

ஏசாயாவின் பகுதி இன்னும் கூர்மையானது. சீயோன் குமாரத்திகளின் நடையையும் அணிகளையும் தீர்க்கதரிசி பட்டியலிடுவதற்கு முன், 14, 15 வசனங்களில் ஒரு வழக்கு நடைபெறுகிறது. அவ்வழக்கில் குற்றவாளிகள் மூப்பரும் பிரபுக்களும். ஏழையிடம் கொள்ளையிட்ட பொருள் அவர்களுடைய வீடுகளில் இருக்கிறது. அவர்கள் எளியோரின் முகத்தை நெரிக்கிறார்கள். அதன் பின்னரே அணிகளின் பட்டியல் வருகிறது. அவ்வணிகள் யாருடைய உழைப்பிலிருந்து வந்தன என்பதே தீர்க்கதரிசியின் வினா.

அவ்வினாவை 1920-களின் உடைக்கு வைத்துப் பார்ப்போம். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடை ஆலையில் தீப்பிடித்து 146 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் யூத, இத்தாலிய குடியேற்றக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள். வெளியேறும் கதவு பூட்டியிருந்தது. அவர்கள் தைத்தது புதிய பெண்ணின் அடையாளமாயிருந்த மேற்சட்டை.

ரேயானின் கதையும் இதற்கு ஒப்பானதே. டென்னசி மாநிலத்து எலிசபெத்டன் என்னும் மலையடிவார ஊரில் இரண்டு பெரிய ரேயான் ஆலைகள் இருந்தன. சுற்றுப்புறப் பண்ணைகளிலிருந்து வந்த இளம்பெண்கள் அங்கு வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்தனர். 1929 மார்ச் 12 அன்று ஓர் ஆலையின் பெண்கள் வேலையை நிறுத்தி வெளியேறினர். தேசியக் காவல் படை வந்தது. வேலைநிறுத்தம் மே மாதம் வரை நீடித்தது. 1986-இல் இதைக் குறித்து ஆய்வுக் கட்டுரை எழுதிய ஜாக்குலின் டவுட் ஹால், அப்பெண்கள் அக்காலத்துப் புதுப்பாணி உடையிலேயே மறியல் வரிசையில் நின்றதைக் காட்டுகிறார். நீதிமன்றத்தில் ஒருத்தி அமெரிக்கக் கொடியையே தொப்பியாக அணிந்து வந்தாள். அற்பமான நாகரிகம் என்று மேடை இகழ்ந்ததை அணிந்துகொண்டே, அவர்கள் நீதிக்காக நின்றார்கள்.

அதே ஆண்டில் வட கரோலினாவின் கஸ்டோனியா நகரில் லோரே பஞ்சாலை வேலைநிறுத்தம் நடைபெற்றது. பிள்ளைகளை நோயில் பறிகொடுத்த தாயும், தொழிலாளருக்காகப் பாடல்கள் இயற்றியவருமான எல்லா மே விகின்ஸ் 1929 செப்டம்பர் 14 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். பின்னர் யேல் இறையியல் பள்ளியின் தலைவரான லிஸ்டன் போப், 1942-இல் அந்நகரத்துச் சபைகளைப் பற்றி எழுதிய நூல் இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் வாசிக்கத்தக்கது. ஆலை முதலாளிகள் சபைகளுக்குப் பண உதவி செய்தனர். ஆயர்களின் ஊதியத்திலும் அவர்கள் பங்கு இருந்தது. வேலைநிறுத்தம் வந்தபோது ஆயர்கள் தொழிலாளர் பக்கம் நிற்கவில்லை. துணியின் நீளத்தை அளந்தவர்கள் வேலை நேரத்தின் நீளத்தை அளக்காததன் காரணம் இதிலிருந்து ஓரளவு விளங்கும்.

6. ஒரே உடை, இரு பொருள்

எல்லாப் பெண்களுக்கும் இவ்வுடை ஒரே பொருளைத் தரவில்லை. ஃபிளாப்பரின் நடனமும் இசையும் பெரும்பாலும் கறுப்பின மக்களிடமிருந்து வந்தவை. 1925-இல் பாரிஸில் ஜோசஃபின் பேக்கர் ஆடியபோது ஐரோப்பா வியந்தது. ஆனால் அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணின் உடலை அடிமைமுறை காலங்காலமாக இழிவுபடுத்தியிருந்தது. அவள் ஒழுக்கமற்றவள் என்னும் பழி வெள்ளையர் சமுதாயத்தில் ஊறியிருந்தது. ஆதலால் கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளின் பெண்கள் அமைப்பினர் அடக்கமான உடையையும் தூய்மையையும் வலியுறுத்தினர். 1909-இல் வாஷிங்டனில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளியை நிறுவிய நேனி ஹெலன் பரோஸ், வேதாகமம், குளியல், துடைப்பம் ஆகிய மூன்றையும் தம் பள்ளியின் அடையாளமாக்கினார். ஈவ்லின் புரூக்ஸ் ஹிக்கின்பாதம் 1993-இல் வெளியிட்ட நூலில், இவ்வொழுக்கம் அடிபணிதல் அன்று, இனவெறிக்கு எதிரான போராட்டத்தின் ஒரு வடிவம் என்று காட்டினார். அது ஏழைக் கறுப்பினப் பெண்களைச் சில வேளைகளில் தீர்ப்பிட்டது என்பதையும் மறைக்கவில்லை. வெள்ளை இனப் பெண் பாவாடையைக் குட்டையாக்கித் தன் மதிப்பைத் தேடிய அதே நாட்களில், கறுப்பினப் பெண் அதை நீளமாக வைத்துத் தன் மதிப்பைக் காத்தாள். அளவுகோலால் உடையின் பொருளை அறிய இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

7. விடுதலையா, விற்பனையா?

இதுவரை கூறியதைக்கொண்டு, புதிய உடை முழுமையான விடுதலை என்று முடிவு செய்தலும் பிழையாகும். இடுப்பிறுக்கி போயிற்று, ஆனால் மார்பைத் தட்டையாக்கும் கட்டு வந்தது. இங்கிலாந்தின் சிமிங்டன் நிறுவனம் இரு பக்கங்களிலும் நாடா வைத்து இறுக்கும் உள்ளாடையை இதற்கெனவே விற்றது. சிறுவனைப் போன்ற மெலிந்த உடலே அழகு என்றானபின், பெண் தன் பசியோடு போராடத் தொடங்கினாள். 1928-இல் ஒரு சிகரெட் நிறுவனம், இனிப்புக்குப் பதிலாகத் தன் சிகரெட்டை எடுக்குமாறு விளம்பரம் செய்தது.

அதற்கடுத்த ஆண்டில் நிகழ்ந்ததைத் திருச்சபையினர் சிறப்பாகக் கருத்தில் கொள்ளவேண்டும். அதே நிறுவனத்துக்காக எட்வர்ட் பெர்னேஸ் என்னும் விளம்பர வல்லுநர், 1929 மார்ச் 31 அன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இளம்பெண்கள் சிலரைப் புகைபிடித்துக்கொண்டு நடக்கச் செய்தார். செய்தித்தாள்களுக்கு அவர் தந்த விளக்கம், இவை விடுதலையின் தீபங்கள் என்பதாகும். அந்நாள் உயிர்த்தெழுதலின் திருநாள். ஆலய ஆராதனை முடிந்து புத்தாடையுடன் உலாவரும் மக்களின் நடுவே, விடுதலை என்னும் சொல்லை வணிகம் எடுத்துத் தன் சரக்கின்மேல் ஒட்டியது. அக்கால ஆயர்களின் கவலைக்கு அடிப்படையே இல்லை என்று கூற இயலாது. ஆனால் அவர்களின் கண்டனம் வாங்கிய பெண்ணின்மேல் விழுந்ததே தவிர, விற்றவர் பெரும்பாலும் தப்பினார்.

8. மகளிர் சங்கங்களுக்கு நேர்ந்தது

இறுதியாக, நம் திருச்சபை வரலாற்றோடு நேரடித் தொடர்புடைய செய்தி ஒன்று. அமெரிக்கப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தங்களுக்கென அருட்பணிச் சங்கங்களை ஏற்படுத்தி, சிறுகாசு சேர்த்து, பெண் ஊழியர்களை ஆசிய நாடுகளுக்கு அனுப்பினர். 1920-களின் தொடக்கத்தில் ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அவர்கள் பெருநிதி திரட்டினர். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் வேலூர் மருத்துவப் பள்ளியும் அவற்றுள் அடங்கும். 'நாகரிகப் பைத்தியம் பிடித்த பெண்கள்' என்று மேடைகள் குறைகூறிய அதே பத்தாண்டில் நிகழ்ந்தது இது.

இப்பெண்களுக்குத் திருச்சபை என்ன செய்தது? 1923-இல் அமெரிக்க வட பிரஸ்பிட்டேரியன் சபை தன் நிர்வாகத்தைத் திருத்தியமைத்தபோது, பெண்களின் அருட்பணிச் சங்கங்கள் ஆண்கள் தலைமையிலான பொது வாரியங்களோடு இணைக்கப்பட்டன. பெண்களின் கருத்தை எவரும் முறையாகக் கேட்கவில்லை. மதுரை அமெரிக்க மிஷனின் பெண் ஊழியர்களை ஆதரித்த காங்கிரிகேஷனல் மகளிர் சங்கங்களும் 1927-இல் பொது வாரியத்தோடு இணைந்தன. அவ்வாண்டிலேயே காத்தரின் பென்னட், மார்கரெட் ஹாட்ஜ் ஆகிய இருவரும் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்களிடையே நிலவிய அமைதியின்மையின் காரணங்களைக் குறித்து ஓர் அறிக்கை அளித்தனர். தாங்கள் கட்டியெழுப்பியது தங்கள் சொல்லின்றி முடிவுக்கு வந்ததையும், வெளியுலகில் பொறுப்புகள் ஏற்கும் பெண்களுக்குத் திருச்சபையில் இடமில்லாததையும் அவர்கள் அமைதியான மொழியில் எடுத்துரைத்தனர். 1930-இல் பெண்கள் மூப்பராகலாம் என்று அச்சபை முடிவு செய்தது. ஆயராவதற்கு அவர்கள் 1956 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

முடிவுரை

நாட்டின் வாக்குச்சாவடியில் பெண் குரல் பெற்ற அதே பத்தாண்டில், திருச்சபை அவளுடைய சங்கத்தை எடுத்துக்கொண்டது. அவளுடைய விளிம்பையும் அளந்தது. இவ்விரண்டையும் தனித்தனியே நோக்கினால் ஒன்று நிர்வாகமாகவும் மற்றொன்று ஒழுக்கமாகவும் தோன்றும். சேர்த்து நோக்கும்போதுதான், பெண்ணைக் குறித்து மிகுதியாகப் பேசிய ஒரு திருச்சபை, பெண்ணோடு பேசவில்லை என்பது புலனாகும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குருமாருக்குச் சென்ற அந்த வினாத்தாள் பெண்களுக்கும் சென்றதாக ஆலன் குறிப்பிடவில்லை.

அவ்வாயர்களை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. மந்தையைக் காக்கவேண்டும் என்னும் கவலையே அவர்களைப் பேசச் செய்தது. கண்ணுக்கு எளிதில் தெரிவதைக் கண்டிப்பது எளிது. சபைக்குப் பொருளுதவி செய்பவரின் கணக்கேட்டைக் கண்டிப்பது கடினம். இச்சோதனை அந்நாட்டுக்கோ அக்காலத்துக்கோ மட்டும் உரியதன்று. மகளிர் ஞாயிறன்றோ, வாலிபர் கூட்டத்திலோ உடையைக் குறித்துப் பேசும் கடமை நமக்கும் வரும். அன்று ஏசாயா 3-ஐ எடுப்போமானால், வாசிப்பை 16-ஆம் வசனத்தில் தொடங்காமல் 14-ஆம் வசனத்திலிருந்து தொடங்குவோமாக. அங்கு முதலில் நியாயத்தீர்ப்புக்கு அழைக்கப்படுபவர்கள் சனத்தின் மூப்பர்களே.